பெரட்டுக்களமும் அமைச்சரவையும்: சௌமியமூர்த்தி தொண்டமான் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1984 ஏப்ரலில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நின்றது. சம்பள உயர்வும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளமும் கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். தோட்டங்களில் பெரும்பாலானவை அப்போது அரசுடைமையாக இருந்ததால், வேலை கொடுப்பவரும் சம்பளம் கொடுப்பவரும் அரசாங்கமே. அந்த வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்ற இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், அதே அரசாங்கத்தில் ஆறாவது ஆண்டாக அமைச்சராக இருந்தார். தம் சொந்த அரசாங்கத்துக்கு எதிராக ஓர் அமைச்சர் வேலைநிறுத்தம் நடத்தியும் பதவி விலகவில்லை. பிரதமரோ ஜனாதிபதியோ அவரை நீக்கவும் இல்லை. வேலைநிறுத்தம் வென்றது. அதுவரை ஒரே மலையில் ஒரே வெயிலில் நின்றும் ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் பெற்றுவந்த பெண் தொழிலாளர், அந்த ஆண்டிலிருந்து சம சம்பளம் பெற்றனர்.

தொழிற்சங்கத் தலைவர்கள் அமைச்சராவது உலகில் புதிதில்லை. வழக்கமாக அவர்கள் அமைச்சரானதும் சங்கத்தை விட்டு விலகுவார்கள், அல்லது சங்கம் அவர்களை விட்டு விலகும். தொண்டமான் இரண்டையும் இருபது ஆண்டுக்கு மேல் ஒரே கையில் வைத்திருந்தார். அது எவ்வாறு சாத்தியமாயிற்று, அதனால் மலையகத் தொழிலாளர் பெற்றது எது, பெறாமற் போனது எது என்பதே இவ்வாய்வின் பொருள்.

தோட்ட முதலாளியின் மகன்

1913 ஆகஸ்ட் 30 அன்று, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த முனைப்புதூரில் தொண்டமான் பிறந்தார். தந்தை கருப்பையா இலங்கைக்குப் போய்க் கங்காணியாகி, பிறகு றம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். ஆயிரக்கணக்கானோர் கடனுடன் கப்பலேறி, லயம் என்னும் வரிசை வீட்டின் ஒற்றை அறையில் வாழ்ந்து, துண்டுச் சீட்டும் இல்லாமல் மாண்டுபோன ஒரு குடியேற்ற வரலாற்றில், தோட்டத்துக்குச் சொந்தக்காரரான தொழிலாளர் குடும்பம் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய அரிய விதிவிலக்கு. சிறுவனாக இலங்கைக்கு வந்து, கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் படித்து, தந்தைக்குப் பின் தோட்டத்தை நிர்வகித்த இந்த இளைஞர் பின்னாளில் தோட்ட முதலாளிமாருக்கு எதிரான சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். எதிராளிகள் இந்த முரண்பாட்டை அவருடைய வாழ்நாள் முழுவதும் சுட்டிக்காட்டினார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் செக்ரோல் என்னும் வேலைநாள் பதிவேடு எப்படி எழுதப்படுகிறது, எந்த நாளில் அரைப் பேர் (பாதி நாள் சம்பளம்) போடுவார்கள், தோட்ட நிர்வாகியான துரைக்கு எது வலிக்கும், எது வலிக்காது என்பதெல்லாம் உள்ளிருந்தே அவருக்குத் தெரிந்திருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் அது பெரிய பலம்.

இலங்கை அரசாங்கம் நாட்கூலிக்கு இருந்த இந்திய ஊழியர்களை வேலைநீக்கத் தொடங்கியபோது, அதைப் பேசித் தீர்க்க இந்தியத் தேசிய காங்கிரஸ் ஜவஹர்லால் நேருவை அனுப்பியது. அந்த வருகையின் விளைவாக, 1939 ஜூலை 25 அன்று இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. தொண்டமான் அதன் கம்பளைக் கிளையில் தொடங்கினார். அடுத்த ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கான சங்கம் தனியாக எழுந்தது. 1940களின் நடுப்பகுதியில் அவரே இயக்கத்தின் தலைவர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, நுவரெலியாத் தொகுதியிலிருந்து அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

வாக்கு போனபின் சங்கம்

பின்னாளில் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் வேர் அடுத்த மூன்று ஆண்டுகளில் இருக்கிறது. ஆகவே அவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் யாரிடம் அந்தச் சான்று இருந்திருக்கும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற வழி திறந்தது போலத் தோன்றினாலும், 1946க்கு முன்னரே மணமானவர்கள் ஏழு ஆண்டும் மணமாகாதவர்கள் பத்து ஆண்டும் இடையறாது வசித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்குரிமை என்று சொல்லி வாக்காளர் பட்டியலிலிருந்து தோட்ட மக்களை நீக்கியது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள்.

இங்கே இலங்கை இந்தியக் காங்கிரஸும் ஒரு பிழை செய்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டாம் என்று முதலில் பகிஷ்கரித்துவிட்டு, காலக்கெடு நெருங்கியபோது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. 1951 ஆகஸ்ட் வரையான கெடுவுக்குள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. அவசரத்தில் நிரப்பிய படிவங்கள், காட்ட முடியாத சான்றுகள், இந்தியாவுக்குப் போய்வந்த பயணங்கள் என்று ஆயிரம் காரணங்களால் மற்றவை தள்ளப்பட்டன. தொடக்கத்திலேயே விண்ணப்பித்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்குமா என்பது விவாதத்துக்குரியது; ஆனால் இழந்த மாதங்கள் இழந்தவையே. 1952 ஏப்ரல் இறுதியில் தொடங்கி நூறு நாட்களுக்கு மேல் கொழும்பில் நடந்த சத்தியாக்கிரகம் உலகின் கவனத்தை ஈர்த்தது, சட்டத்தை மாற்றவில்லை.

வாக்கில்லாத மக்களின் தலைவருக்கு என்ன மிஞ்சும்? சங்கம் மிஞ்சும். இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கப் பகுதி 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயரை ஏற்றது. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கைத் தேயிலை தந்த காலம் அது. ஆகவே வாக்குச் சீட்டால் தட்டிக்கேட்க முடியாதவர்கள், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தால் கொழும்பு திரும்பிப் பார்க்கும். இந்தக் கணக்கைத் தொண்டமான் மிக விரைவாகப் புரிந்துகொண்டார். 1950களின் நடுப்பகுதியில் அப்துல் அஸீஸ் பிரிந்துபோய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தொடங்கியபோதும், பெரும்பாலான தோட்டக் கமிட்டிகளும் அவற்றின் தலைவர்களும் தலைவிகளும் தொண்டமானோடே நின்றார்கள்.

நியமன உறுப்பினர்

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில், வேறு வழியில் பிரதிநிதித்துவம் கிடைக்காத பகுதியினருக்காக ஆறு நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். 1960இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அந்த வழியில் தொண்டமானைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 1965இல் அடுத்த பிரதமர் டட்லி சேனாநாயக்க அதையே செய்தார். வாக்குப் பறிப்போடு போன ஆசனத்துக்குப் பதிலாக, பிரதமரின் தயவில் கிடைத்த ஆசனம் இது. இரு பெரும் சிங்களக் கட்சிகளோடும் மாறி மாறிப் பேரம் பேசும் வழக்கம் இங்கேதான் பழக்கமாயிற்று.

ஆனால் தயவில் வந்த ஆசனம் முக்கியமான நேரத்தில் உதவவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரின் தலைவிதியை அவர்களையோ அவர்களுடைய சங்கத்தையோ கேளாமலே தீர்மானித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்ப்பதற்கு. அந்த எஞ்சியவர்களை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டன. மனிதரை மூட்டையாகப் பங்குபோட்டது என்று தொண்டமான் இதை எதிர்த்தார். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் கோடைக்கானல் மலையடிவாரத்துக்கும் சிதறிய குடும்பங்களின் நினைவில் அந்த ஒப்பந்தம் இன்றும் புண்ணாகவே இருக்கிறது. டட்லி ஆட்சியில் அவரால் ஓரளவு தணிக்க முடிந்தது. 1967ஆம் ஆண்டு அமலாக்கச் சட்டத்தின்படி, ஏழு பேர் இந்தியப் பிரஜைகளாகப் பதிவானால் நான்கு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்ற விகிதம் வந்தது. ஆட்சி மாறியதும் அந்தச் சட்டமும் மாறிற்று.

1970 முதல் 1977 வரையான ஏழு ஆண்டுகள் தோட்டங்களுக்கு மிகக் கொடியவை. தொண்டமானுக்கு நியமன ஆசனம் இல்லை. 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் நியமன உறுப்பினர் முறையே இல்லாமற் போயிற்று. 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்ட மக்கள் பட்டினியால் செத்தார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. பல இடங்களில் தொழிலாளர் விரட்டப்பட்டார்கள். 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிராக நடந்த போராட்டத்தில் டெவன் தோட்டத் தொழிலாளி சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

இதே காலத்தில், 1972இல் உருவான தமிழ் ஐக்கிய முன்னணியின் மூன்று தலைவர்களில் ஒருவராகச் செல்வநாயகத்தோடும் ஜி. ஜி. பொன்னம்பலத்தோடும் தொண்டமான் இருந்தார். ஆனால் 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டபோது அவர் ஒதுங்கிக்கொண்டார். சிங்களக் கிராமங்களால் சூழப்பட்ட மலைகளில் சிதறி வாழும் ஒரு மக்களுக்கு வடக்கு கிழக்கில் அமையும் நாடு என்ன தரும் என்ற கேள்விக்கு அத்தீர்மானத்தில் பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இதைத் துரோகம் என்றவர்கள் உண்டு. நுவரெலியாவில் வாழ்பவருக்கு அது வெறும் புவியியல்.

1978: அழைப்பும் ஏற்பும்

1977 ஜூலைத் தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. அத்தகைய தொகுதியில் ஒரு வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்கலாம். பிரஜாவுரிமை பெற்ற தோட்ட வாக்காளர் சிறுபான்மையினரே என்றாலும், அந்த மூன்றையும் ஒருவருக்கே குவித்தால் ஓர் ஆசனம் நிச்சயம். காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருக்குப் பின் மூன்றாம் உறுப்பினராகத் தொண்டமான் வந்தார். 1947க்குப் பின் முப்பது ஆண்டு கழித்து, தோட்ட மக்கள் தங்கள் வாக்கால் அனுப்பிய உறுப்பினர்.

அடுத்த மாதமே இனக்கலவரம் தோட்டங்களையும் தாக்கியது. ஏராளமான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. அந்தப் பின்னணியில்தான், ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் அழைப்பை ஏற்று 1978 செப்டம்பரில் தொண்டமான் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். தொழில் அமைச்சும் பெருந்தோட்ட அமைச்சும் அவருக்குத் தரப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம் மக்களின் சம்பளம், லயம், பாடசாலை எதன்மீதும் அவருக்கு நேரடி அதிகாரம் இல்லை. பாலும் கைத்தொழிலும்தான் அவருடைய கோப்புகள். ஜே. ஆர். தொழிற்சங்கங்களை விரும்பாதவர், 1980 ஜூலையில் பொது வேலைநிறுத்தம் செய்த பல்லாயிரம் அரச ஊழியர்களை ஒரே அடியாக வேலைநீக்கியவர். அப்படிப்பட்டவர் ஒரு சங்கத் தலைவரை அமைச்சரவையில் வைத்திருந்தால், தோட்டங்களில் அமைதியை விலைக்கு வாங்கும் நோக்கம் அதில் இருந்திருக்கும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல.

ஆனால் வாங்கியவர் நினைத்த அளவுக்குச் சரக்கு கையில் வரவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பாகுபாட்டை நீக்கியது. நாடற்றவர்களாக நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் பேச்சு, சங்கம் சேர்தல் போன்ற உரிமைகளைப் பத்து ஆண்டுக்கு நீட்டித்தது. அந்தப் பத்து ஆண்டு என்பது ஒரு கெடுவும் கூட. 1988க்குள் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்பதே அதன் மறுபக்கம்.

பிரார்த்தனை

1981இல் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில் கொழும்பும் மலையக நகரங்களும் எரிந்தன. தொண்டமான் அமைச்சரவையை விட்டு வெளியேறவில்லை. இதற்காக அவர் கடுமையாகக் குறைசொல்லப்பட்டார். என் மதிப்பீட்டில், 1983இல் அவர் மௌனமாக இருந்திருந்தால் அந்தக் குறை முழுக்கப் பொருந்தும். அவர் மௌனமாக இருக்கவில்லை. டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையே பேசுபவராகவும், 1984 சர்வகட்சி மாநாட்டில் அரசாங்கத்துக்குச் சங்கடமான நியாயங்களைச் சொல்பவராகவும் இருந்தார். ஆனால் தாக்கப்பட்ட தோட்டங்களின் தொழிலாளிக்கு இந்த நுணுக்கம் என்ன ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

1984 வேலைநிறுத்தத்துக்குப் பின், 1986 தைப்பொங்கல் நாளில் அவர் இன்னொரு படி மேலே போனார். நாடற்றோர் அனைவருக்கும் பிரஜாவுரிமை கேட்டு, தோட்டத் தொழிலாளர் காலைப் பொழுதைப் பிரார்த்தனையில் கழிப்பார்கள் என்று காங்கிரஸ் அறிவித்தது. காலையில் பெரட்டுக்களத்துக்கு, அதாவது அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள் கோவிலடிக்குப் போனார்கள். நண்பகலுக்குப் பிறகே வேலை. தேயிலைக்குக் காலைக் கொழுந்துதான் உயிர் என்பதைத் தோட்டம் அறிந்தவர் எவரும் சொல்வர். அரைநாள் போனால் பாதி நாள் சம்பளம் மட்டும் போகாது, தொழிற்சாலையில் இயந்திரம் ஓடவேண்டிய அளவும் போய்விடும். வேலைநிறுத்தம் என்றால் சட்டம் உண்டு, அவசரகால விதிகள் உண்டு. சாமி கும்பிடுவதைத் தடைசெய்ய எந்த அரசாங்கம் துணியும்? அதுவும் பௌத்தத்துக்கு முதலிடம் தரும் ஓர் அரசாங்கம், மற்றவரின் வழிபாட்டை எப்படித் தண்டிக்கும்? இதைவிடக் கூர்மையான ஒரு தொழிற்சங்க உத்தி அவருடைய வாழ்வில் வேறில்லை என்பது என் கணிப்பு.

விரைவில் உடன்பாடு எட்டப்பட்டது. உடன்படிக்கைகளின்படி இந்தியா ஏற்கவேண்டிய 6,00,000 பேரில் 5,06,000 பேரே இந்தியப் பிரஜாவுரிமை கேட்டிருந்தனர். மீதி 94,000 பேரையும் இலங்கையே ஏற்கும் என்று 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் அலுவலகங்களில் கோப்புகள் நகரவில்லை. ஆகவே 1988இல் மீண்டும் ஒரு சட்டம், 39ஆம் இலக்கம்: தகுதியுடைய ஒருவர் சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) கொடுத்தாலே போதும், பிரஜை. 1948இல் பாட்டனும் பூட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்ட நாடு, நாற்பது ஆண்டு கழித்து ஒரு கடதாசியில் போட்ட கையெழுத்தை ஏற்றது. அந்த டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் காங்கிரஸ் ஆதரித்த ஐக்கிய தேசியக் கட்சியின் பிரேமதாச 50.43 வீத வாக்குகளுடன் தப்பிப் பிழைத்தார். சங்கச் சந்தா வாக்காக மாறியதன் பெறுமதி என்ன என்பது அந்த அரை வீத எல்லையில் தெரிந்தது.

வாக்கு வந்தபின்

இவ்விடத்தில்தான் இந்த ஆய்வு கடினமாகிறது. நாடற்றிருந்தவரையில் மலையக மக்களுக்கு ஒரே கோரிக்கை முன்னால் இருந்தது. அதற்கு ஒரே தலைவரும், ஒரே சங்கமும், ஒரே குரலும் பொருந்தின. பிரஜாவுரிமை வந்ததும் காணி, வீடு, கல்வி, இளைஞரின் வேலை, சம்பளம் என்று கேள்விகள் பல கிளைகளாகப் பிரிந்தன. அமைச்சரும் சங்கத் தலைவரும் ஒருவரே என்ற ஏற்பாடு அவற்றுக்குப் பொருந்தவில்லை. ஒரு தொழிலாளியின் குறையைத் தோட்டக் கமிட்டித் தலைவர் துரையிடம் பேசி, அங்கே தீராததை மாவட்டப் பிரதிநிதி, அங்கேயும் தீராததைக் கொழும்பில் தலைவர் பேசித் தீர்ப்பது என்ற ஏணி, வாக்குரிமை பெற்ற குடிமகனுக்கும் அரசுக்கும் நடுவே நிரந்தரமாக நின்றுவிட்டது. பிரதேச சபையிலும் மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் நேரே கேட்கவேண்டியதைக் காங்கிரஸிடம் கேட்கும் பழக்கம் போகவில்லை. மலையக மக்கள் முன்னணி போன்ற மாற்று அமைப்புகள் படித்த இளைஞர்களிடையே எழுந்ததற்கு இந்த ஏணியின்மீதான சலிப்பும் ஒரு காரணம்.

1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் தொண்டமான் அமைச்சரே. 1984இல் அவருக்கு எதிரே அரசாங்கம் இருந்தது. அமைச்சரவை மேசையிலேயே அதன் மடியைப் பிடிக்க முடிந்தது. இப்போது எதிரே இருந்தவை கம்பனிகள். சம்பளம் இனி முதலாளிமார் சம்மேளனத்துக்கும் சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தில் பேசப்படும் விடயமாயிற்று. அமைச்சர் பதவி அந்த மேசையில் முன்போல் எடைபோடவில்லை. லயங்கள் பெரும்பாலும் லயங்களாகவே இருந்தன.

1994 ஆகஸ்ட் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலில் நின்று வென்ற காங்கிரஸ், பின்னர் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. தொண்டமானுக்குக் கால்நடை அபிவிருத்தி, தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சு. ஆளும் கட்சி எதுவானாலும் அமைச்சரவையில் ஒரு நாற்காலி என்ற இந்த வழியைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்வது எளிது. 1948இல் எல்லாவற்றையும் பறித்ததும் ஐக்கிய தேசியக் கட்சியே, 1988இல் கையெழுத்தால் திருப்பிக் கொடுத்ததும் ஐக்கிய தேசியக் கட்சியே என்பதை நேரில் கண்ட ஒருவரிடம் கட்சி விசுவாசத்தை எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

1999 அக்டோபர் 30 அன்று, எண்பத்தாறாம் வயதில், அமைச்சர் பதவியிலேயே அவர் கொழும்பில் இறந்தார். சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தான அதே நாள். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி. சங்கத் தலைமை பேரன் ஆறுமுகம் தொண்டமானிடம் போயிற்று. சத்தியக்கடதாசியாலும் எட்ட முடியாமல் எஞ்சியிருந்த 1,68,141 பேருக்கான சட்டம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத்தில், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்தே பாராளுமன்றத்துக்கு வந்தது.